மதகுக்குள் ஏழு வருஷம்

பாகூர் ஏரி மதகுக்குள் நுழைந்து, ஏழு வருஷம் பின்னால் போய், அடுப்பில் வைத்த உலை கொதிப்பதற்குள் வீடு திரும்பியவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். சிரிக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. முப்பது வருஷம் அந்த மதகைத் திறந்து மூடியவன். என்னை வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் என்னை இன்னும் அனுப்பவில்லை.

வழி சுலபம். எல்லோரும் தண்ணீர் போகிற பக்கமே போகிறார்கள். நான் வாய்க்கால் பக்கமாக நுழைந்து, ஓட்டத்துக்கு எதிராக ஏரியை நோக்கித் தவழ்ந்தேன். எதிரே வந்த விரால் மீன்கள் போகப்போகச் சிறுத்தன. கடைசியில் வந்தவை வெறும் குஞ்சுகள். ஏரிக்குள் தலையைத் தூக்கினால், தூரத்தில் கொம்யூன் ஆபீஸ் கட்டடத்தின் மேல் கொடி. மூன்று நிறம்தான். ஆனால் பட்டைகள் படுத்திருக்கவில்லை, நின்றிருந்தன. பிரெஞ்சுக்காரன் இன்னும் கப்பலேறவில்லை. 1954, தை மாதம்.

எதற்குப் போனேன் என்றுதானே கேட்கிறீர்கள். என் மகள் தனக்கொடியின் புருஷன் இருசப்பனுக்காக. குருவிநத்தத்தில் வெல்லம் காய்ச்சுகிறவன். பாகு தீய்ந்துபோனது என்று, கொதிக்கிற கொப்பரையில் அவள் இடது கையை மணிக்கட்டு வரை அழுத்தினான். ஊர்ப் பெரியவர்களிடம் போனேன். “பொண்டாட்டிய அடிக்காதவன் எவன்யா இருக்கான்” என்று சிரித்தார்கள். இருசப்பனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதுக்குள் எரிகிறது. அன்றைக்கே அவனை வெட்டியிருக்கலாம். வெட்டினால் அவன் சாவான். அவள் கை ஆறாது. அதனால் மதகுக்காரனாக யோசித்தேன். வேண்டாத தண்ணீர் வயலில் பாய்ந்தால், அங்கே நின்று இறைத்துக்கொண்டிருப்பவன் மடையன். மேலே போய் அடைக்க வேண்டும்.

இருசப்பன் ஏரியில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். பதினேழு வயசு, மீசை அரும்பவில்லை. என் மகளை அவன் அதுவரை பார்த்ததுகூட இல்லை. மதகு வாயில் என் தலையைக் கண்டதும் மாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

“யோவ் பெரியப்பா, அங்க இன்னா பண்ற? தண்ணி உள்ள இஸ்துக்கினு பூடும். கையக் குடு.”

கொடுத்தேன். நல்ல வலுவான கை. பிடித்து உள்ளே இழுத்தேன். மீதியை மதகு பார்த்துக்கொண்டது. பிறகு ஓட்டத்தோடு திரும்பினேன். வாய்க்காலில் வந்து விழுந்தது நான் மட்டும்.

வீட்டில், நான் வைத்துவிட்டுப் போன உலையில் தனக்கொடி அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி இல்லை. கையில் தழும்பு இல்லை. வாழைக்குருத்து மாதிரி இருந்தது. சந்தோஷம் தாங்காமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எனக்கு ஏதுப்பா புருஷன்? காலைலயே சாராயக்கடைக்குப் போயிட்டியா? மதகுக்குள்ள பூந்தாராம், வெள்ளக்காரன் கொடியப் பாத்தாராம். சோறு வடிக்கிற வரைக்கும் வாய மூடிக்கினு இரு.”

என் கதை எதற்கும் தலையாட்டுகிற ஊர் இதற்கும் தலையாட்டியது. அவள் ஒருத்திதான் நம்பவில்லை.

முப்பது வருஷம் மதகில் நின்றவன், ஒன்றை யோசிக்காமல் விட்டேன். மேலே அடைத்தால் அந்த ஒரு வயலோடு நிற்காது. அதற்குக் கீழே இருக்கிற வயலும் காயும். கீழ்வயல் என்றால் என் பேரன். ஆறு மாதக் குழந்தை, அவனும் பிறக்காமலே போனான். எல்லாவற்றையும் சொன்னேன் என்றேனே, அவனை மட்டும் சொல்லவில்லை. இன்னொன்று. அடைத்த பிறகும், வாய்க்காலில் ஏற்கெனவே இறங்கிவிட்ட தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடத்தான் செய்யும்.

அவளுடைய நல்லதுக்குத்தான் செய்தேன், ஐயா. வேண்டுமானால் அவளையே கேளுங்கள். வெளியே பெஞ்சில் இருக்கிறாள். என்னை இங்கே இழுத்து வந்ததே அவள்தான். இன்று விடிந்ததும் என் முன்னால் வந்து நின்றாள். இரண்டு தரம் மாற்றியும் ரவிக்கை நனைந்திருந்தது. தழும்பில்லாத அந்தக் கையால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

“நீ சொன்னது நெசம்தான்பா. நடந்துருக்குது. பால் கட்டிக்கினு உயிர் போவுது எனக்கு. கொழந்தைக்கு இன்னா பேரு வெச்சோம், சொல்லு.”