கீழே இருக்கும் அறை

அன்னூரிலிருந்து கோவைக்கு வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தகப்பனும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் கல்யாணப் பத்திரிகைகள் நிறைந்த பை.

“அப்பறம் அம்மாவ எப்படி, தொட்டில் கட்டியா மாடிக்குத் தூக்குவீங்க?” என்று மகள் கேட்டதும் பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவாப் பேசு கண்ணு.”

“கல்யாணம் நடக்கற எடம் பெரிய ரிசார்ட்டுன்னு பேரு, லிஃப்ட் இல்லீங்கப்பா. அம்மாவுக்கு முட்டி ஆப்ரேசன் செஞ்சு மூணு மாசந்தான் ஆச்சு. கீழ இருக்கற ரூமெல்லாம் மாப்பிள்ளை ஊட்டுக்கே வேணும்னு எழுதிக் குடுத்துப்போட்டு வந்திருக்கறீங்க.”

“பொண்ணு ஊட்டுக்காரங்க நாமதான அம்மணி அனுசரிச்சுப் போகோணும்? நல்ல ரூமெல்லாம் நாமளே எடுத்துக்கிட்டோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது.”

“அம்மாகிட்டக் கேட்டீங்களா?”

“அவ ஒண்ணுஞ் சொல்லமாட்டா.”

மகள் போனை எடுத்து ரிசார்ட்டைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, கல்யாணப் பொண்ணு பேசறேனுங்க. படி ஏறாம போற மாதிரி கீழ ஒரு ரூம் எங்கம்மா பேருக்கு மாத்தோணுங்க. நீச்சல் குளத்துக்குப் பக்கத்துல, மொத ரூமுங்களா? அதையே போடுங்க.”

தகப்பன் பதறிப்போய்க் கையை நீட்டினார். “அது மாப்பிள்ளைக்குச் சொன்ன ரூமு!”

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஆமாங்க, மாப்பிள்ளை ரூமுதானுங்க. அவரை மாடிக்குப் போடுங்க. அவருக்குக் காலு ரெண்டும் நல்லாத்தானுங்க இருக்குது.”