டோரீன் வீட்டில் மட்டும் கோடை

…குளிருன்னா எப்படிப்பட்ட குளிருங்கிற? இங்கிலாந்துல இந்த பர்ன்லி ஊருலயே பொறந்து வளந்தவ நான், எனக்குத் தெரியாத குளிரா? ஆனா அது வேற மாதிரி, கண்ணு. படுக்கையறையில வாயைத் தொறந்தா பொகை வரும். எங்க வீட்டுக்காரரு டெரெக் கம்பளித் தொப்பி போட்டு, அதுக்கு மேல இன்னொரு தொப்பியும் போட்டுக்கிட்டுப் படுப்பாரு. காலையில எழுப்பணும்னா மூஞ்சி எந்தப் பக்கம்னு தேடணும்… இல்லம்மா, உள்ள வரல, வரல. இந்த இஞ்சி கேக்கைக் குடுத்துட்டு, வாசல்லயே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். புதுசா குடி வந்திருக்க, பெட்டி பிரிக்கிற வேலை மலை மாதிரி கெடக்கும். நான் மேவிஸ். ஒட்டுன வீடு. நீ டேன்யாதானே? தபால்காரர் சொன்னாரு. கேக்கு கொஞ்சம் அடி புடிச்சிருக்கு. அது அடுப்போட குத்தம். அந்த அடுப்பைப் பத்திச் சொல்லணும்னா… வேணாம், அது இன்னொரு நாள்.

எங்க விட்டேன்? ஆ, தொப்பி.

ரெண்டு வருஷம் முன்னாடி டெரெக் ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு. "சூடெல்லாம் கூரை வழியாப் போகுது மேவிஸு. நாம பில்லு கட்டி புறாவுக்குக் குளிர்காயக் குடுக்கறோம்"னு. மனுஷன் வாயிலேருந்து உருப்படியா ஒரு வார்த்தை வந்ததே அன்னிக்குத்தான். பரண்ல பஞ்சை விரிச்சு, அதுக்கு மேல பலகை அடிச்சா கீழ வெதுவெதுப்பு, மேல சாமான் வைக்க எடம். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. எங்க வீட்டுச் சாமான் உனக்குத் தெரியாது. மாமியாரோட தையல் மிஷினு, கிறிஸ்துமஸ் மரம், நான் உடம்பு எளைக்க வாங்கின சைக்கிளு… அதான், மிதிச்சா நின்ன எடத்துலயே நிக்குமே, அது. அதுல நான் எளைக்கல, அதுதான் துருப்புடிச்சு எளைச்சுது. அப்புறம் டெரெக்கோட மீன்பிடிக் கம்புங்க. ஒரு மீனு? ஒரு மீனு புடிச்சுக் கொண்டாந்திருப்பாரா இந்த மனுஷன்?

சரி, வேலை ஆரம்பிச்சாரு. அடடா, என்ன பக்குவம், என்ன பக்குவம்! பஞ்சை அமுக்கக் கூடாதாம், அமுக்கினா சூடு நிக்காதாம். அதனால பலகைக்குக் குட்டிக் குட்டியாக் காலு வெச்சு, ஒசத்தி அடிக்கணுமாம். கூரை ஓரமாக் காத்து போக வழி விடணுமாம், இல்லன்னா ஈரம் கோத்துக்கிட்டு கட்டையெல்லாம் உளுத்துடுமாம். ஒயரைப் பஞ்சுக்கு அடியில பொதைக்கக் கூடாதாம். கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுல கூட மனுஷன் இவ்வளவு அக்கறையா நின்னதில்ல. அது கண்ணாடிப் பஞ்சு, கண்ணு. கையுறை போட்டு, மூக்குல துணி கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டியும் அரிப்பு விடல. கீழ எறங்கி வந்து கதவு நிலையில முதுகைத் தேய்ச்சுக்கிட்டு நிப்பாரு, எருமை மாதிரி. பெயிண்டு போச்சு அந்த நிலையில.

நான் சும்மா இருந்தேன்னு நெனைச்சுக்காதே. மேற்பார்வை பூரா நான்தான். ஏணியடியில நின்னு நின்னு என் காலு வீங்கிடுச்சு. மேல கும்மிருட்டு. மனுஷன் டார்ச்சை அடிச்சுக்கிட்டு, "எந்தப் பக்கம் மேவிஸு நம்ம படுக்கையறை?"ங்கிறாரு. "இடது பக்கம்!"னேன். "புகைபோக்கியத் தாண்டணுமா?"ன்னாரு. "தாண்டு!"ன்னேன். "ரொம்பத் தூரமாப் போற மாதிரி இருக்கே"ன்னாரு. "வேலை செய்ய ஒடம்பு வணங்கலையா? தாண்டுய்யா!"ன்னேன். நான் ஒருத்தி இல்லன்னா அந்த வேலை முடிஞ்சிருக்குமா, நீயே சொல்லு… ம்? அதேதான்.

பஞ்சு விரிச்சாச்சு, பலகை அடிச்சாச்சு, சாமானெல்லாம் ஏத்தியாச்சு. குளிர்காலமும் வந்துச்சு. என்னாச்சுங்கிற? அதே பொகை! அதே ரெண்டு தொப்பி! எங்கய்யா சூடுன்னா, "பஞ்சு புதுசு, பழகணும் மேவிஸு"ங்கிறாரு. பஞ்சு பழகுமாம்! அது என்ன, நாய்க்குட்டியா?

என் வயித்தெரிச்சல் அது மட்டுமில்ல. உனக்கு வீட்டை வித்துட்டுப் போனாளே டோரீன், அவ. நீ பாத்திருப்ப, அதிகமாப் பேசியிருக்க மாட்ட. அவளும் நானும் இந்தத் தெருவுக்கு ஒரே வருஷம் வாக்கப்பட்டு வந்தவங்க. எங்க புள்ளைங்க அவ வீட்லதான் சாப்பிடும், அவ பூனை எங்க வீட்லதான் தூங்கும். எங்க வீட்டுல டீத்தூள் தீந்தா அவ டப்பா, அவ வீட்டுல தீந்தா என் டப்பா. அப்படி இருந்தவ, அந்த ஜனவரில… வெளிய பனி கொட்டுது… கையில்லாத கவுனை மாட்டிக்கிட்டு, ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறா! "ஒரே புழுக்கமா இருக்கு மேவிஸ்"ங்கிறா! புழுக்கமாம்! நான் இங்க கோட்டைப் போட்டுக்கிட்டு உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருக்கேன்!

உனக்கா இருந்தா எப்படி இருக்கும்? பென்ஷன் பத்தலைன்னு என்கிட்ட மூக்கால அழுதவ. அப்புறம் ஹீட்டர் போட மட்டும் பணம் எங்கேருந்து வருது? மகன் ரகசியமா அனுப்பறானா? சீட்டு கீட்டு விழுந்து எனக்குத் தெரியாம மறைச்சுட்டாளா? கேட்டா, "நான் ஹீட்டரைக் கொஞ்ச நேரந்தான் போடறேன் மேவிஸ்"னு சிரிக்கிறா. அந்தச் சிரிப்புதான், கண்ணு… அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பி விட்டுடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல டீ குடிச்சுக்கிட்டிருந்தப்ப சொல்லிட்டேன். "சில பேரு வெளிய பஞ்சப்பாட்டு பாடுவாங்க, வீட்டுக்குள்ள மட்டும் ஸ்பெயின் வெயில் அடிக்கும்"னு. பொதுவாத்தான் சொன்னேன். அவளைப் பாத்துக்கிட்டே பொதுவாச் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவ கையில இருந்த கப்பைக் கீழ வெச்சா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ரெண்டு குளிர்காலம் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ.

போன மாசம் தங்கச்சி வீட்டுப் பக்கமாப் போயிட்டா. மோர்கம், கடலோரம். வண்டியில ஏறறப்ப என் ஜன்னலைப் பாத்துக் கையசைச்சா. நான் திரையை இழுத்து விட்டுட்டேன்… ம். அது கெடக்கட்டும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நேத்து உன் வீட்டுக்கு ஒயர் வேலைக்கு ஒருத்தர் வந்தாருல்ல, செம்பட்டைத் தாடி? அதே நேரம் எங்க டெரெக், கிறிஸ்துமஸ் விளக்கு எடுக்கறேன்னு பரண்ல ஏறி, சைக்கிளுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவுல தவழ்ந்துக்கிட்டிருக்காரு. தரையிலேருந்து ஒரு தலை மொளைக்குது! நெத்தியில விளக்கோட! "யாருய்யா நீ? இது டேன்யா வீடு!"ன்னு தாடிக்காரரு சத்தம் போட்டு, ஸ்க்ரூடிரைவரை நீட்ட, டெரெக் மீன்பிடிக் கம்பைத் தூக்கிட்டாராம். அந்தக் கம்புக்கு அதுதான் முதல் உபயோகம். அப்புறம் டெரெக், "மெதுவாப் பேசுங்க, கீழ என் பொண்டாட்டி இருக்கா"ன்னாராம். பாரேன், அந்த நேரத்துலயும் நான் பயந்துடுவேன்னு எவ்வளவு அக்கறை மனுஷனுக்கு!

இந்த வரிசை வீடெல்லாம் மில்லு முதலாளி கட்டினது, கண்ணு. செங்கல் மிச்சம் புடிக்க, கூரைக்கு அடியில வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல சுவரே எழுப்பல. உன் தலைக்கு மேலயும் என் தலைக்கு மேலயும் ஒரே இருட்டு. புகைபோக்கிதான் எல்லை. அதைத் தாண்டினா… சிரிக்காதே. தாடி சொல்லிட்டாரா உன்கிட்ட? எல்லாத்தையும் சொல்லிட்டாரா? ஆமா. எங்க பஞ்சு, எங்க பலகை, எங்க சாமான், எல்லாம் உன் படுக்கையறைக்கு மேலதான். ரெண்டு குளிர்காலம் டோரீனுக்கு நாங்க கம்பளி போத்தி விட்டிருக்கோம். நான் சொன்னது என் இடது. நான் தெருவைப் பாத்து நின்னேன், மனுஷன் கொல்லையைப் பாத்து ஏறினாரு. அது என் குத்தமா? ஏறினவருக்குப் புத்தி வேணாமா?

சாமானை நாளைக்கே எறக்கிடறோம். பஞ்சையும் சுருட்டி எடுத்துடலாம்னு… என்னது? அந்த ரூமா? யாருக்கு… குழந்தைக்கா! அடி என் கண்ணே, இந்தப் பெரிய கோட்டைப் போட்டுக்கிட்டு நின்னா எனக்கு எப்படித் தெரியும்? எப்போ? மார்ச்சுலயா? அப்ப பஞ்சு அங்கயே கெடக்கட்டும். தொடாதே. டெரெக் எங்களுக்குப் புதுசா விரிச்சு, இன்னொரு தடவை சொறிஞ்சுக்கட்டும்.

ஆனா நான் வந்தது அதுக்கில்ல. வந்து… டோரீனோட போன் நம்பர் உன்கிட்ட இருக்குமேன்னு. பழைய நம்பர் போகல. மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் கேக்கப் போறதில்ல. சும்மா, விவரம் சொல்லலாமேன்னு… ஐயோ, இப்பவேவா? வேணாம் வேணாம், நான் தலையே வாரல… மணி அடிக்குதா?

…ஹலோ.

…டோரீனா? …நான்… ம். மேவிஸ்.

…ம். …நல்லாத்தான் இருக்கேன். டோரீன், அந்தப் பரண் பஞ்சு இருக்கே, அது உன் வீட்டுக்கு மேல… என்னது? தெரியுமா? எப்பலேருந்து? …மொத நாளேவா! …ஆமா, கத்தினேன், ஏணியடியில நின்னா கத்தாம என்ன பண்ணுவாங்க? தெரிஞ்சிருந்தா வந்து சொல்லியிருக்கலாமே! …வந்தியா? …மறுநாளுமா? …சர்ச்சுலயும் சொல்லத்தான் வந்தியா? …நான் பேச விடலையா? சரி, டெரெக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே… சொன்னியா! அவரு என்ன சொன்னாரு? …"அவ காட்டின பக்கம், மாத்திச் சொன்னா யாரு வாங்கிக் கட்டிக்கிறது"ன்னாரா! ரெண்டு குளிர்காலம்! ரெண்டு தொப்பி! இருக்கட்டும், இருக்கட்டும், வீட்டுக்குப் போறேன்.

ஆனா நீ சொல்றது அநியாயம் டோரீன். நான் எப்ப யாரைப் பேச விடாம இருந்திருக்கேன்? வேணும்னா இந்தப் பொண்ணைக் கேளு, இவ்வளவு நேரமா ரெண்டு பேரும் மாறி மாறித்தான் பேசிக்கிட்டிருக்கோம். ஏம்மா டேன்யா, சொல்லும்மா… டேன்யா?

…கதவு சாத்தியிருக்கு, டோரீன். போனை என் கையில விட்டுட்டு உள்ள போயிட்டா. …சிரிக்காதே. …சரி, சிரி. …நல்லா சிரி. இந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு.

…இல்ல, நான் ஒண்ணும் அழல. காத்து. …நீ சொல்லு. மொத நாள் என்ன சொல்ல வந்தியோ, அதையே சொல்லு.

…சொல்லு டோரீன். கேட்டுக்கிட்டிருக்கேன்.