மோசஸ் கூடாது என்றவை

சுவரில் ஓதம் ஏறினால் எல்லாரும் முதலில் பெயின்டரைத்தான் கூப்பிடுகிறார்கள். அது தப்பு, சார். உங்கள் ஸ்டேஷன் சுவரையே பாருங்கள், இரண்டு தடவை பூசி மூடியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவன் பிரஷ்ஷோடு வரமாட்டான். முதலில் மொட்டைமாடிக்குப் போவான்.

நான் செங்கல்பட்டில் முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியார். சிங்கப்பெருமாள் கோயிலில் நானும் என் அக்கா பெருந்தேவியும்தான் இருந்தோம். அக்காவுக்கு ஆஸ்துமா. போன ஆகஸ்டில் அவள் அறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்தது. இழுப்பும் அதிகமாயிற்று.

மூன்று பேரை வரவழைத்தேன். பெயின்ட் கடை அனுப்பிய ஆள் வாசலில் நின்றபடியே இரண்டு கோட்டிங் போதும் என்றான். கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கெல்லாம் வேலை செய்கிறவர் பளபளக்கும் அட்டையை நீட்டினார், சுவரைத் தொடவில்லை. மூன்றாமவர் மோசஸ். சுவரில் உள்ளங்கையை வைத்தார், முகர்ந்தார், இங்கே யார் படுக்கிறார்கள் என்று கேட்டார். மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் தான் வேலை செய்த வீடு திருவிடந்தையில் இருப்பதாகச் சொன்னார். பஸ் பிடித்துப் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அவரையே நம்பலாம் என்று முடிவு செய்தேன்.

"இது பெயின்ட் அடிச்சு மூடற வேல இல்ல சார்," என்றார் மோசஸ். "மாடித் தண்ணி எறங்கற பைப்பு சொவத்துக்குள்ள ஒடஞ்சி ஒழுவிகினு கீது. ஒடச்சி மாத்தணும். அதுவரைக்கும் அம்மா இந்த ரூம்ல படுக்கக் கூடாது. கட்டில சொவத்தோட ஒட்டிப் போடக் கூடாது. ஜன்னல சாத்தக் கூடாது. ஈரத்துணி உள்ள காயப் போடக் கூடாது. இந்தக் கறுப்பு மூச்சுல போனா அவங்களுக்கு ஆவாது சார்."

இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். அதுவரை நான் வேறெதுவும் நினைக்கவில்லை. அதை நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அந்த ஞாயிறு என் பெண் மானசா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். தாயில்லாத குழந்தையை அக்காதான் வளர்த்தாள். அதனால் எப்போதும் என்னிடம் இரண்டு வார்த்தை, அக்காவிடம் ஒரு மணி நேரம். அன்று சொன்னாள்: "அப்பா, ஜனவரில அத்தைய என்னோட கூட்டிண்டு வந்துடறேன். இனிமே அவ இங்கதான்."

எனக்கு என்ன ஏற்பாடு என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "உனக்கென்னப்பா, நீ திடமாத்தான் இருக்கே."

அக்காவும் போய்விட்டால் அந்த போன் எதற்காக அடிக்கும், சார்?

மோசஸ் இரண்டு முறை தேடி வந்தார். மழை வந்துவிடும் என்றார். அக்கா பெங்களூருக்குப் போய்விட்டாள், அவசரமில்லை என்று வாசலிலேயே அனுப்பினேன். அக்கா அப்போது பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளிடம், பைப்பை வெளியிலிருந்தே அடைத்தாயிற்று, குளிர்காற்று படாமல் ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொன்னார் மோசஸ் என்றேன். பூஞ்சணத்தின் மேல் நானே டிஸ்டெம்பர் அடித்தேன், அவளுக்குப் பிடித்த இளம்பச்சை. கட்டிலைச் சுவரோடு சேர்த்தேன். மழை பிடித்ததும் அறைக்குள்ளேயே கொடி கட்டி ஈரத்துணியைக் காயப்போட்டேன்.

"இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பண்றயே கிருஷ்ணா," என்றாள் அக்கா.

நவம்பர் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. காலை பத்து மணி இருக்கும், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டபோது பெயர் பாதியில் நின்றது. அவளுடைய இன்ஹேலர் என் சட்டைப் பையில் இருந்தது. அன்று காலை அவள் குளிக்கப் போனபோது தலையணைக்கடியிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். பேப்பரில் அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தேன். சத்தம் நின்ற பிறகு போய், இன்ஹேலரை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். வெளியே காற்று நன்றாகவே இருந்தது.

டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. பத்தாம் நாள் மோசஸ் கேள்விப்பட்டு வந்தார். அக்கா அறைக்குப் போய்ப் பச்சைச் சுவரில் விரலை வைத்தார். பூச்சு பொதபொதவென்று உள்ளே போயிற்று.

"அம்மா பெங்களூர்ல கீறாங்கன்னு சொன்னீங்களே சார்," என்றார்.

அவருக்குப் பின்னால், காரியத்துக்கு வந்திருந்த மானசா நின்றிருந்தாள். "அத்தை இங்கேர்ந்து எங்கேயும் போகலையே," என்றாள். பிறகு கொடியையும் கட்டிலையும் என்னையும் பார்த்தாள். மோசஸிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு நேராக இங்கே வந்தாள். புகார் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது. நீங்கள் காட்ட வேண்டியதில்லை, அந்தக் கையெழுத்தைப் பழக்கியவனே நான்தான்.

ஆமாம், என் அக்காவை நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் சார், ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா? மானசாவுக்கு இனி பேச என்னை விட்டால் யாரும் இல்லை.