வெக்கை வந்த வழி

மாட்டு இன்சூரன்ஸ் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் முழுதாகப் புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான், ஐயா. உசிலம்பட்டியிலிருந்து வந்த அதிகாரி விளக்கியபோது மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கவனமாகக் கேட்டேன். எல்லாரும் சங்கத்தில் பணம் போடவேண்டும். சேர்ந்த மாட்டுக்குச் சீக்கு வந்தால் வைத்தியச் செலவு சங்கத்துடையது; செத்தால் ஈட்டுத்தொகையும் உண்டு. சேரும் முன்பே சீக்காக இருந்த மாட்டுக்கு மட்டும் எதுவும் கிடையாது.

என் மயிலைக்காளைக்கு அன்று காலையிலேயே கண்ணில் பீளை தள்ளியிருந்தது. துடைத்துவிட்டுக் கொண்டுபோனேன். அதிகாரி முதுகில் தட்டிப் பார்த்துவிட்டுக் காதில் சங்கத்து வில்லையை மாட்டினார். மறுநாள் வாயெல்லாம் புண். மாட்டுக்கு மாடு தொற்றும் வெக்கை நோய் என்று தெரிந்துவிட்டது.

பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளையாக வளர்ந்த காளை அது. என் மனைவி அன்னக்கொடி அதற்குக் கூழைப் புகட்டிக்கொண்டே, "டாக்டரக் கூட்டிட்டு வாங்க. கண்ணு முன்னால உசுரு போகுது," என்றாள்.

டாக்டர் வந்தால் நோய் பழையது என்று கண்டுபிடித்துவிடுவார். ஊரெல்லாம் மாடு படுத்துவிட்டால் என் மாட்டை மட்டும் யார் தனியாகக் கேட்கப்போகிறார்கள்? நான் யோசித்தது அவ்வளவுதான்.

காளையைப் பொதுத் தொட்டிக்கு ஓட்டிப்போய்த் தண்ணீர் காட்டினேன். வழிந்த எச்சில் தண்ணீரில் இழை இழையாக மிதந்தது. அப்போது ஒச்சாயி தன் பசுவோடு வந்தாள். புருஷனை இழந்தவள், கைக்குழந்தைக்கு அந்தப் பசுவின் பால்தான்.

"என்னண்ணே, காளை வாடிப்போயிருக்கு?"

"வெயிலு, தாயி. வேறொண்ணுமில்ல."

பசு குடித்து முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்.

ஊர் முழுக்க மாடுகள் விழுந்த பிறகு டாக்டர் வந்தார். முதல் ஊசி என் காளைக்கு. அது பிழைத்தது. ஒச்சாயியின் பசு பிழைக்கவில்லை. செத்த மாடுகளுக்கெல்லாம் ஈடு கொடுக்க முடியாமல் சங்கம் கலைந்தது. குழந்தைக்குக் கஞ்சித்தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குக் குழி வெட்டியவர்களில் நானும் ஒருவன்.

நோய் எங்கிருந்து வந்தது என்று கூட்டத்தில் கேட்டார்கள். சந்தையில் கன்று வாங்கி வந்த பண்ணையாள் கருப்பின் பேரை யாரோ சொன்னார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன்.

கருப்பு என்னைப் பார்த்துத்தான் பேசினான். "என் கன்னு அந்தத் தொட்டிப் பக்கமே வந்ததில்லையே, ஐயா. வர விட்டிருப்பீகளா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குடும்பத்தோடு அவனை ஊரைவிட்டு அனுப்பினார்கள். அதிலிருந்து காளை என் கையை நக்க வந்தால் கையை இழுத்துக்கொள்கிறேன். கூசுகிறது.

அவன் இருக்குமிடம் தெரிந்தால் சொல்லியனுப்புங்கள், ஐயா. வரட்டும். அவனை மன்னித்துவிடும்படி ஊராரிடம் நானே பேசிப் பார்க்கிறேன்.