ரோட்டு மேல ஸ்டேஜு

...அதில்லம்மா, வாக்கி டாக்கிய புடிச்சிக்கினு ரோட்டுக்கு குறுக்க கயித்த கட்டிட்டா ஆச்சா? மனுசன் போவ வேணாமா? திருத்தணி மண்டபத்துல எம்பொண்ணு சுசித்ராவுக்கு நிச்சயதார்த்தம். எமகண்டம் பொறக்கறதுக்குள்ள தட்டு மாத்தியாவணும். மாத்தவேண்டிய அப்பன் நான், தட்ட ஸ்கூட்டர்ல வெச்சிக்கினு இங்க பள்ளிப்பட்டு ரோட்ல நிக்கறேன். சம்பந்தி நகரிக்காரரு. "பாவா எக்கட, பாவா எக்கட"ன்னு, எங்க கீறன்னு தெலுங்குல கேட்டு போன் மேல போன். நானும் வந்துக்கினே கீறேன்னு சொல்லிக்கினே கீறேன்.

இன்னாது, கார் ரேலியா? தெரியும்மா, ஊர்வலந்தான? எத்தினி ஊர்வலத்துக்கு பந்தல் போட்டவன் நானு... ஆங்? ஒண்ணு பின்னால ஒண்ணா போவாதா? ஒரு காரு போயி, கொஞ்சம் விட்டு அடுத்த காரா? அப்ப யாரு யார முந்துனான்னு எப்பிடி தெரியும்? ஓ... கடியாரத்தோட போட்டி. பக்கத்துல ஒருத்தன் உக்காந்து வளைவெல்லாம் முன்னாடியே படிச்சி சொல்லிக்கினே வருவானா? எம்பொண்டாட்டி காஞ்சனா அப்பிடித்தாம்மா. பின்னால உக்காந்தா போதும், "பள்ளம், நாயி, மெல்ல." அவளுக்கு ஒரு கப்பு குடுங்க. சிரிக்கற பாரு.

சரி, இத்தினி நேரமா ஒரு காரும் வரலியே? ஓகோ, மொதல்ல செக்கிங் காரு போயி ரோடு காலியா கீதான்னு பாக்கணுமா. நல்லா பாத்தாங்க போ.

உங்க ஆளுங்களே இப்பிடித்தான். இந்த ரேலி ஸ்டேஜுகிட்ட சாமியானா, நாற்காலி வேணும்னு ஒருத்தரு போன் பண்ணாரு. "ஸ்டேஜு எங்க சார்?"னேன். "ரோட்டு மேலதான்"னாரு. "வண்டிங்க வருமே சார்?"னேன். "ரோட்ட மூடிடுவோம்"னாரு. எவ்ளோ தெளிவா கேட்டிருக்கேன் பாரு. விடிகாலைல போயி, அம்மையார்குப்பம் தாண்டி, ரோட்டுக்கு குறுக்க பெரிய ஸ்டேஜா போட்டேன். சிவப்பு கம்பளம். ரெண்டு பக்கமும் வாழமரம். வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு வரேன், கயித்த கட்டிட்டீங்க. நல்லா கீதுன்னு ஒருத்தர் சொல்லல.

உன் வாக்கி டாக்கி கத்துது பாரு. இன்னாவாம்? ரோட்ட ஏதோ அடைச்சிக்கினு கீதா? பாத்தியா, எவனோ அறிவு கெட்டவன். அவனாலதான் இவ்ளோ பேரு வெயில்ல காயறோம். எங்கையில மட்டும் கெடைச்சான்... இன்னா அடைச்சிக்கினு கீதாம்?

...வாழமரமா?

யம்மா. போட்டில கார் ஓட்டற ரோட்டுக்கே ஸ்டேஜுன்னுதான் பேரா? அத அந்தாளு போன்லியே சொல்றதுக்கு இன்னா?

இரு இரு, ஒடைக்கப் போறாங்களா? வேணாம்னு சொல்லு. எல்லாம் போல்ட்டு போட்டது, ஸ்பேனரு எங்கிட்டதான் கீது. கயித்த தூக்கு, நானே பிரிக்கறேன். ஸ்கூட்டர உடமாட்டாங்களா? இங்க நிக்கற இன்னொரு செக்கிங் காருலயா? வரேன். ஆனா ஒண்ணும்மா, பிரிச்ச கையோட என்ன மண்டபத்து வாசல்ல எறக்கி உடணும். இல்லன்னா ஸ்பேனரும் நானும் இங்கியே குந்திக்கறோம்.

வாக்கி டாக்கில பேசறவரு சரின்றாரா? அப்ப கதவ தொற. ஹெல்மெட்டா? காருக்குள்ள எதுக்கும்மா ஹெல்மெட்டு?

...அவ்ளோ வேகமா போவுமா? குடு, குடு. அந்த தட்ட யாராவது கெட்டியா புடிங்க.