பீரோவில் பூட்டிய சீட்டு

கதிர்காமம் ஆஸ்பத்திரி வாசலில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவளுக்கு மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை. முழங்கையில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“ஒரு தலைவலி மாத்திரையிலயே என்னைக் கொன்னுருப்பீங்க.”

“தலைவலின்னு நீதான சொன்ன.”

“ஆஸ்பிரின் எனக்கு ஆகாது, தின்னா வீசிங் வந்துடும்னு டாக்டரு திங்கக்கூடாத மாத்திரை பேரெல்லாம் சீட்டுல எழுதிக் குடுத்தாரா இல்லியா? ரத்தத்துல அந்த அலர்ஜி அணு, ஈஸ்னோபில், எறங்கிடுச்சு, உடம்பு மருந்துக்குக் கேக்குதுன்னு போன வாரந்தான் சொன்னாரு. ஒரே நாள்ல கெடுத்துட்டீங்க.”

“கடைக்காரன் அட்டைய வெட்டிக் குடுத்தான். அதுல பேரே இல்ல.”

“பேரக் கேட்டு, சீட்டுல இருக்கான்னு பாக்கறதுக்கு என்ன? சீட்டு எங்க?”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்கன்னு கேக்கறேன்.”

“லேமினேட் பண்ணி, ரேஷன் கார்டோட பீரோல வெச்சுப் பூட்டியிருக்கேன். பத்திரமா இருக்கட்டும்னுதான்.”

பஸ் சாரம் ஸ்டாப்பை நெருங்கியது. அவள் இறங்குவதற்காக எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“வீட்டுக்குப் போனதும் அந்தச் சீட்ட எடுத்து சட்டைப் பையில வைங்க. பீரோல எதையாவது பூட்டியே ஆவணும்னா, என்னை வெச்சுப் பூட்டுங்க.”