விஐபி அறையில் அக்கா

இத்தாலியில், பல்லரோச் சந்தைப் பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி கனடா போய் வந்தவள்.

“ஹொக்கி பாக்கப் போன இடத்திலை எச்சில் கோப்பையளை அள்ளினனான்.”

“அங்கையுமோ?”

“தம்பிக்கு முதலாளி குடுத்த விஐபி இடமடி. மெத்தைக் கதிரை, மலைமாதிரி றால். சாப்பிட்டு முடிய, இஞ்சை நான் வேலை செய்யிற சிஞ்ஞோரா அம்மா வீட்டிலை மாதிரி என்ரை கை தன்ரை பாட்டிலை எல்லாற்றை கோப்பையளையும் அடுக்கத் துவங்கீட்டுது.”

“ஐயோ!”

“அந்த நேரம் பாத்து முதலாளியின்ரை மனுசி வந்தா. வேலைக்காரி எண்டு நினைச்சு, ஜக்கெட்டைக் கழட்டி என்ரை கையிலை தந்தா.”

“தம்பி பக்கத்திலை நிண்டவனெல்லே? என்ரை அக்கா எண்டு சொல்லேல்லையோ?”



“அவனும் தன்ரை ஜக்கெட்டைக் கழட்டி, அதுக்கு மேலை போட்டான்.”